நொடிக்கு நானூற்றுப் பன்னிரண்டு முறை

ஹாலே நகரில் ட்ராம் தடம் வளையும் முனை,
இரண்டாம் மாடி.
காலை ஏழரைக்குக் கெஸினே வருகிறாள்,
இதயநோய்ப் பிரிவின் வாடை கோட்டோடு வர.
செருப்பைக் கழற்றுகிற சத்தம்கூட இல்லை.
திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

பத்தே கால்.
மணி.
எங்களுக்கல்ல. நான்காம் மாடி க்ரெட்ச்மருக்கு
மீன்தொட்டி வடிகட்டி.
பார்சல்காரருக்கு அது தெரியும்.
எட்டுப் பொத்தானையும் ஆர்மோனியக் கட்டைபோல்
ஒரே தடவலில் அழுத்தினால்
யாராவது திறப்பார்கள் என்பதும் தெரியும்.
திறப்பது எப்போதும் கெஸினே,
ஒற்றைக் கண்ணால்.

அடுக்களை மேசையில் என் மடிக்கணினி,
பழைய சாமான் சந்தையில் நாற்பது யூரோ.
பேட்டரி ஐம்பது நிமிடம் தாங்கும்.
சும்மா கிடந்தாலும் ஐம்பதுதான்.
சும்மா கிடக்கிறதா என்றுதான் பார்ப்போமே என்று
ஒரு கட்டளையை ஓட்டினேன்:
வெறும் திரை, ஒரு எழுத்தும் நான் தட்டவில்லை,
செயலியை யாரோ நொடிக்கு
நானூற்றுப் பன்னிரண்டு முறை எழுப்புகிறார்கள்.
எழுகிறது, என்ன என்று கேட்கிறது,
ஒன்றுமில்லை என்று தெரிந்து சாய்கிறது,
சாய்வதற்குள் அடுத்தவன்.

அதன் தூக்கத்துக்கும் படிகள் உண்டு.
மேற்படியில் கண்ணயர்வு.
அடிப்படியில் உள்கடிகாரமும் நின்றுபோகும் ஆழ்துயில்;
இறங்கவும் ஏறவும் செலவு,
கொஞ்ச நேரமாவது கிடந்தால்தான் கட்டுப்படியாகும்.
அந்தப் படிக்கு நேரே என் திரையில்
பூஜ்யம் என்று போட்டிருந்தது.

பட்டியலோடு உட்கார்ந்தேன்.
கடிகாரத்தில் நொடி காட்டுகிறது. எனக்கு நொடி எதற்கு?
நான் எழுதாத வரியின் நுனியில்
இமைத்துக்கொண்டே இருக்கிறது ஒரு கோடு.
இமைக்காமல் நில் என்றேன்.
ட்யூபிங்கனில் மழையா என்று விசாரிக்கிறது ஒன்று:
போன வருடம் நேர்காணலுக்குப் போய்
வேலை கிடைக்காமல் திரும்பிய ஊர்.
ஜனவரியில் ட்ராமில் தொலைந்த இயர்போனை
ப்ளூடூத் இன்னும் கூப்பிடுகிறது, பெயர் சொல்லி.
அதை அணைக்க மட்டும்
தேநீர் ஆறுகிற நேரம் ஆனது.
எல்லாமே தனித்தனியே நியாயமானவை.
"ஒரே நிமிஷம்" என்கிற முகம் எல்லாவற்றுக்கும்.

அணைக்கவே முடியாதவை கொஞ்சம் மிஞ்சின.
அவற்றிடம் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்:
வருவதானால் சேர்ந்து வாருங்கள்.
நீ அரை நொடி பொறு, அவனும் வந்துவிடட்டும்,
ஒரே கதவு, ஒரே தட்டு.

விசிறி தயங்கியது.
நின்றது.
குளிர்பெட்டி இத்தனை நாளும் முனகிக்கொண்டிருந்ததை
அப்போதுதான் கேட்டேன்.

அதே ஸ்க்ரூடிரைவர் கையில்தான் இருந்தது.
முக்காலி போட்டு ஏறி, வாசல் மேலிருந்த மணிப்பெட்டியைத் திறந்து
மஞ்சள் கம்பியைக் கழற்றினேன்.
கீழே கதவில் ஒரு சீட்டு ஒட்டினேன்:
பார்சல் எல்லாம் முடிவெட்டும் கடையில்,
மூன்று மணிக்கு மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம்.
மாலைக்குள் என் ஜெர்மன் பிழைகள் இரண்டையும்
யாரோ சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள்.
ஆஸ்பத்திரி அழைப்பை மட்டும் விட்டுவைத்தோம்.
எழுப்ப வேண்டியதற்கு எழுப்பத்தானே வேண்டும்.

மறுநாள் வியாழன். பத்தே கால் வந்தது,
சத்தமில்லாமல் போனது.
பதினொன்றரைக்குக் கெஸினே எழுந்து வந்தாள்,
கன்னத்தில் தலையணைக் கோடு.
"யார் எழுப்பினது?"
யாருமில்லையே என்றேன்.
"அதுதான்," என்றாள்.
"இதோ அடிக்கும், இதோ அடிக்கும் என்று
பத்தே காலிலிருந்து முழித்துக் கிடக்கிறேன்."

எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.
பால் அடுப்பில் இருந்தது.
மேசைமேல் மடிக்கணினி திறந்தே கிடந்தது,
அடிப்படியில்,
இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று காட்டியபடி.
கெஸினே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு கோப்பையை
அதன் பக்கத்தில் வைக்காமல்
ஜன்னல் மேடையில் வைத்தாள்,
சத்தம் வராமல்.